ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பேர் காகிதம்: தம்பதி ஆவணங்களைக் காப்பகத்துக்குத் தயார் செய்தல்

பெட்டி திறந்ததும் காகிதங்களைத் தாத்தாவுடையது, ஆயாவுடையது என்று இரண்டாகப் பிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வேலை கெடுவது அங்கேதான். பிரித்து முடிக்கும்போது கணவர் பக்கம் மலையாகக் குவிந்திருக்கும்: வேலைச் சான்று, வாடகை ரசீது, கோயில் கமிட்டிக் கணக்கு, வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம். மனைவி பக்கம் ஒரு சமையல் நோட்டும் நாலு புகைப்படமும் கிடக்கும். காப்பகப் பட்டியலிலும் அது அப்படியே ஏறும்: ‘இன்னாரின் ஆவணங்கள், மனைவியின் சில தாள்களுடன்.’ கடையும் சீட்டும் நடத்திக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் ‘சில தாள்கள்’ ஆகிவிடுவார். தம்பதி ஆவணம் என்பது ஒரே கட்டு. உருவாக்கியவர்கள் இரண்டு பேர். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்தே.

இங்கே பதிவாவது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் தகர டிரங்கு. திருமணம் 1930-களின் கடைசியில். கணவர் நகராட்சி ஊழியர், மனைவி சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். நகராட்சியின் இந்திய ஊழியர் குடியிருப்பான மேகசின் பராக்ஸில் குடியிருந்து, 1960-களில் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த் பகுதிக்குப் பெயர்ந்தவர்கள். பெட்டியில் சுமார் 1,400 தாள், 200 புகைப்படம், ஒரு வீட்டு வரைபடம், சில நெகட்டிவ். இந்த ஊரில் கிடைக்கும் குடும்பப் பெட்டிகள் பலவற்றின் அளவு ஏறக்குறைய இதுதான் என்பதால் கீழே வரும் பொருள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கொட்டாமல் இறக்குவது

பெட்டியைக் கவிழ்க்கக் கூடாது. மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் நேர் மேலிருந்து ஒரு படம், பக்கத்தில் ஒரு அடிக்கோல், ஒரு எண் சீட்டு. புடவைக் கரைத் துணியால் கட்டியது, ரப்பர் பேண்ட் போட்டது, பழைய கவருக்குள் திணித்தது என எதுவாக இருந்தாலும் அது ஒரு கட்டு. கட்டு 1, கட்டு 2 என்று தனித்தாளில் 2பி பென்சிலால் எழுதி உடன் வைக்கவும். பேனா அந்த மேசைக்கே வரக் கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? ஒரே கவருக்குள் மனைவியின் மருத்துவமனை அட்டை, அவர் அங்கே இருந்தபோது கணவர் எழுதிய சீட்டு, ஒரு நகை அடகு ரசீது மூன்றும் இருந்தன. மருத்துவச் செலவுக்கு நகை போனது என்பதை எந்தத் தாளும் தனியாகச் சொல்லவில்லை. மூன்றும் சேர்ந்து இருந்ததால் தெரிகிறது. ‘மருத்துவம்’, ‘கடிதம்’, ‘பணம்’ என்று வகை பிரித்துப் போட்டிருந்தால் மூன்றும் மூன்று பெட்டிக்குப் போய் அந்தச் செய்தி ஒரேயடியாகப் போயிருக்கும். ரப்பர் பேண்டை வெட்டி எறியலாம், அது ஏற்கெனவே பிசினாகியிருக்கும். அது எதைச் சேர்த்துக் கட்டியிருந்தது என்பதை மட்டும் எழுதிவிட்டு வெட்டவும்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பக்கத்தில் உட்கார வைத்துப் புகைப்படங்களைக் காட்டிப் பெயர் கேட்பது நல்லது. ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளிய பெயர்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சொன்னவர் பெயரும் தேதியும் சேர்த்துக் குறிக்கவும். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும், தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை.

பூச்சியும் ஈரமும்

டர்பன் கோடையில் காற்றின் ஈரப்பதம் 75–80 சதவீதம் வெகு சாதாரணம். 65-ஐத் தாண்டிப் பல நாள் நின்றாலே பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் இந்த ஊர் சொர்க்கம். இராமபாணம் பசை இருக்கும் இடத்தைத் தேடித் தின்னும்: கவர் ஓரம், புகைப்படத்தின் மேல் படலம், நோட்டின் முதுகு. எனவே எந்தக் குடும்பப் பெட்டியையும் நேராக மற்ற ஆவணங்கள் உள்ள அறைக்குள் கொண்டு போவதில்லை.

பூச்சிக்கு மருந்து தெளிக்க வேண்டாம், உறைய வைத்தால் போதும். கட்டுகளை ஜிப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி, −18 முதல் −20 டிகிரி வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும்; வேர்க்கும் நீர் பையின் வெளிப்புறத்திலேயே நிற்கும், தாளைத் தொடாது. பொறுமையில்லாமல் உடனே திறந்தால் அந்த ஈரம் முழுக்கத் தாளில் இறங்கும். மின்வெட்டு நாள்களில் கவனம் தேவை: ஃப்ரீசருக்குள் ஒரு வெப்பமானி வைத்து, −15-க்கு மேல் ஏறியிருந்தால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்கவும். பாதி உருகி மறுபடி உறைந்தால் முட்டைகள் தப்பிவிடும். கண்ணாடி நெகட்டிவ், சட்டம் போட்ட படம், மெழுகு முத்திரை உள்ள பத்திரம் இவற்றை உறைய வைக்கக் கூடாது.

டிரங்கில் அந்துருண்டை போட்டு வைத்திருப்பார்கள். நாப்தலீன் நேராக ஆவியாகி மறுபடி தாளின் மேல் மெல்லிய படிகமாகப் படியும். சில பிளாஸ்டிக்கை இளக்கவும் செய்யும். நிழலில், காற்றோட்டமான வராந்தாவில், வலைத் துணி மூடி ஒரு வாரம் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். வெயிலில் காய வைப்பதை விட்டுவிடவும். பூஞ்சை உள்ள தாள் ஈரமாக இருக்கும்வரை தூரிகை படக் கூடாது, ஈஷிக்கொண்டு உள்ளே போகும். காய்ந்த பிறகு என்95 முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்தூரிகையால் நடுவிலிருந்து ஓரமாகத் தட்டவும்.

மஞ்சள், குங்குமம், திருநீறு

நம் வீட்டுக் காகிதங்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் இது. திருமணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும். அமிலம் நீக்கும் கரைசல் எதுவும் அதில் பட்டால் மூலைகள் செம்பழுப்பாக மாறிவிடும். வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கவும் செய்யும். எனவே மஞ்சள் தடவிய தாளுக்கு நீர் சிகிச்சை, கார சிகிச்சை இரண்டும் இல்லை. காரத் தன்மையுள்ள கால்சியம் கார்பனேட் சேர்க்காத, அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி இருட்டில் வைத்தால் போதும். குங்குமம் நீரில் பரவும், பக்கத்துத் தாளுக்கு ஒட்டும். இடையில் ஒரு மெலினெக்ஸ் தாள் (தெளிவான பாலியஸ்டர் படலம்) கொடுக்கவும். திருநீறு உலர்ந்த பொடி, தேய்த்தால் எழுத்தை அராவும், தூரிகையால் மட்டும். ஆனால் இவை அழுக்கு அல்ல. எந்தப் பக்கம், எந்த மூலை என்று பட்டியலில் ஒரு வரி எழுதுங்கள். பூசை அறையில் வைத்து எடுத்த பத்திரிகை எது, கடையில் மிஞ்சிய பத்திரிகை எது என்பதை அந்த வரிதான் காட்டும்.

அதே பெட்டியில் வீட்டு வரைபடம் நீலத் தாளில் இருந்தது. அந்த நீலமும் காரத்தில் வெளுக்கும். கார்பனேட் சேர்த்த உறையில் போடக் கூடாத இரண்டாவது பொருள் அது. மடித்தே இருந்தால் மடிப்பில் கிழியும், சுருட்டி வைக்கலாம்: 10 செ.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாயின் மேல், அமிலமற்ற தாள் இடையிட்டு.

ஊசி, பின், டேப்

குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் இந்த ஊர்க் காற்றில் துரு பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கும். பின் எடுக்கும் கொறடு போட்டால் தாளின் ஒரு துண்டு கையோடு வரும். பின்னின் கீழே ஒரு சிறு மெலினெக்ஸ் பட்டை, மேலே ஒன்று செருகி, மெல்லிய எஃகுத் தகட்டால் பின்புறக் கால்களை நிமிர்த்தி, முன்பக்கமாக எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் புதுப் பின் எதுவும் போடாமல், அந்தத் தாள்களை அமிலமற்ற மடித்த தாளுக்குள் சேர்த்து வைக்கவும்.

செல்லோடேப்பை உரிக்காதீர்கள். பழைய டேப்பின் ரப்பர் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கியிருக்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் தானாகக் கழன்று விழுந்தால் எடுத்துவிடலாம், பசைக் கறைக்குக் கைவைத்தியம் கிடையாது. லேமினேட் செய்த திருமணச் சான்றும் இப்படித்தான். பிரிக்க முடியாது. ஸ்கேன் செய்துவிட்டு, மற்ற தாள்களைத் தொடாதபடி தனி உறையில்.

கிழிசலுக்கு மைதா பசை வேண்டாம். மாவுப் புரதம் மஞ்சளாகும், பூச்சியையும் அழைக்கும். பழைய பைண்டர்கள் அதற்காகவே மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது, ஆனால் செம்பு தாளின் நாரை அரித்துப் பழுப்பாக்கும். தேவை கோதுமை ஸ்டார்ச் மட்டும்: ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர், அரை மணி ஊற வைத்து, சிறு தீயில் 30 நிமிடம் விடாமல் கிளறிக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, ஆறிய பின் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை அழுத்தித் தேய்க்கவும். பாலாடை பதத்துக்கு நீர் விடவும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், புளித்த வாசனை வந்தால் கொட்டிவிடலாம். ஒட்டுவதற்கு ஜப்பானியக் கோசோ தாள் (மல்பெரி வகை நாரில் செய்த மெல்லிய, உறுதியான தாள்). வெட்டாமல், நீர்க்கோடு போட்டுக் கையால் பிய்த்த பட்டை, கிழிசலை விட இருபுறமும் 3 மி.மீ. அகலம். தடிமனாகப் பூசினால் அந்த இடம் விறைத்து, பக்கத்தில் புதுக் கிழிசல் விழும்.

மடிப்புக் கடிதங்களை நிமிர்த்துவது டர்பனில் எளிது. பிற ஊர்களில் ஈரப் பெட்டி கட்டித்தான் தாளை இளக்குகிறார்கள். இங்கே பிப்ரவரியில் அறையின் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். கடிதத்தை விரித்து இரண்டு மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடிப் பலகையும் 2 கிலோ எடையும் வைத்தால் இரண்டு மூன்று நாளில் படியும். மையொற்றுத் தாளைத் தினம் மாற்றவும்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: பென்சில்போல் சாம்பல் நிறத்தில் இருந்து, சாய்த்துப் பார்த்தால் ஊதா மினுமினுப்புத் தெரிந்தால் அது காப்பியிங் பென்சில். பழைய ரசீதிலும் அலுவலகப் படிவத்திலும் அதிகம் வரும். ஈரம் கொஞ்சம் பட்டாலும் எழுத்து முழுக்க ஊதாவாகப் பரவிவிடும். அதற்கு நிமிர்த்தலும் இல்லை, பசையும் இல்லை.

உறை, பெட்டி

ஒரு ஃபோல்டரில் 25 தாளுக்கு மேல் வேண்டாம். 12 செ.மீ. அகலப் பெட்டியில் 16–18 ஃபோல்டர் நிற்கும். 1,400 தாளுக்கு 56 ஃபோல்டர், நாலு பெட்டி. புகைப்படத்துக்குத் தனிப் பெட்டி; பெரிய தாள்களுக்குத் தட்டையான ஒன்று. பெட்டி நிரம்பாமல் இருந்தால் ஃபோல்டர்கள் சரிந்து தாள் வளையும், சுருட்டிய அமிலமற்ற தாளால் இடம் அடைக்கவும். நெருக்கிச் செருகினாலும் எடுக்கும்போது ஓரம் கிழியும்.

பிவிசி உறை மட்டும் வேண்டவே வேண்டாம்: புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பிவிசி. ஜெராக்ஸ் எழுத்தைப் பிடுங்கித் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் நல்லது. புகைப்பட உறை வாங்கும்போது உறை படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 சோதனை தேறியதா என்று கேளுங்கள்.

ஒட்டும் பக்க ஆல்பத்தை, 1970-களில் எல்லோரும் வாங்கியது, முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பிறகே கழற்ற வேண்டும். யார் பக்கத்தில் யார் ஒட்டப்பட்டார் என்பது ஆல்பம் ஒட்டியவரின் கைவேலை. அநேகமாக மனைவியின் கைவேலை. மெழுகு இல்லாத பல் நூலை மூலையிலிருந்து அறுப்பதுபோல் இழுத்தால் படம் கழலும். வராவிட்டால் வற்புறுத்தாமல் பக்கத்தோடு வெட்டி வைக்கவும். நெகட்டிவ்வில் புளிக்காடி வாசனை வந்தால் அதன் அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வாயு பக்கத்துப் படச்சுருளையும் கெடுக்கும், ஆகவே மூடிய டப்பா கூடாது. காகித உறை, தனி இடம், முதலில் ஸ்கேன்.

அலமாரி எஃகு, சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி, கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில். ஏசியைப் பகலில் மட்டும் போட்டு இரவில் அணைப்பது ஏசி இல்லாததைவிட மோசம். ஏறி இறங்கும் ஈரத்தில் தாள் தினமும் சுருங்கி விரியும். ஏசி இல்லாதவர்கள் காற்றுப் புகாத பாலிப்ரோப்பிலீன் டப்பாவில் சிலிக்கா ஜெல் போடலாம்: கன மீட்டருக்கு 20 கிலோ கணக்கில், 30 லிட்டர் டப்பாவுக்கு 600 கிராம். முற்றிலும் உலர்ந்த ஜெல்லை அப்படியே போட்டால் தாள் மொரமொரவென்று உலர்ந்துவிடும். 50 சதவீத ஈரப்பதமுள்ள இடத்தில் சில நாள் வைத்துப் பழக்கிய பின் போடவும். உள்ளே ஒரு சிறு ஈரமானி.

தேதி படிப்பது

தமிழ் தெரியாத பட்டியலாளர்கள் விழும் குழிகள் இங்கே அதிகம். கடிதத்தின் தலையில் இருக்கும் பிள்ளையார் சுழியை ‘பக்கம் 2’ என்று எழுதிவிடுவார்கள்; பக்கம் 1 காணவில்லை என்ற குறிப்பும் தொடரும். பழைய எண்முறையில் ௲௯௱௨௰௪ என்றால் 1924. நாள், மாதம், வருடத்துக்கு ௳, ௴, ௵ குறிகள். புள்ளி வைக்காத எழுத்தும், றா, ணா, லை, னை போன்றவற்றின் பழைய கூட்டு வடிவங்களும் அந்தத் தலைமுறைக்கு இயல்பு. கடிதம் தெலுங்கிலும் இருக்கலாம். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் இரு மொழிக் குடும்பங்களும் கலந்தே வாழ்ந்தன. எழுத்து பார்த்து உறுதி செய்யாமல் ‘தமிழ்’ என்று போடாதீர்கள்.

தமிழ் வருடப் பெயரை ஆங்கில ஆண்டாக்க ஒரு சுருக்கு வழி: சித்திரை பிறக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 1926-ஐக் கழித்தால் 60 வருட வட்டத்தில் அதன் வரிசை எண் வரும் (60-ஐத் தாண்டினால் 60 கழிக்கவும்). 1938-க்குக் கழித்தால் 12, பன்னிரண்டாவது வெகுதானிய. ஆனால் வருடம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், வெகுதானிய வருடம் தை மாதத் திருமணம் 1939 ஜனவரி–பிப்ரவரியில் விழும். பத்திரிகையில் ஆங்கிலத் தேதியும் அச்சாகியிருந்தால் ஒத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ‘1938’ என்று எழுதிவிடுவார்கள், பிறகு முதல் பிள்ளையின் பிறப்புச் சான்றோடு அது முட்டும். வட்டம் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்புவதால் எந்தச் சுற்று என்பதைத் தபால்தலை, தாளின் நீர்க்குறி, தபால் முத்திரை இவற்றால் தீர்க்கவும். கவரைத் தூக்கி எறியக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம். இரண்டாம் உலகப் போர்க்காலத் தணிக்கை ஒட்டுச்சீட்டு இருந்தால் அதுவும் தேதிச் சான்று.

கணக்கு நோட்டில் 1961 பிப்ரவரி 14-க்கு முன் பவுன், சிலிங், பென்னி. பின் ராண்ட், ஒரு பவுனுக்கு இரண்டு ராண்ட் வீதம். தேதி இல்லாத நோட்டை இதை வைத்தே இரண்டு காலமாகப் பிரிக்கலாம். ஆயாவின் நோட்டில் ‘3 பவுன்’ என்று வந்தால் பணமா, தங்கமா என்று பக்கத்து வரிகளைப் பார்த்து முடிவு செய்யவும்.

திருமணத்துக்கு இரண்டு தேதி

இந்தப் பகுதியைச் சரியாகச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் தூசு தட்டல்தான்.

1913 மார்ச் 14-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் தந்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் சமயங்களின் சடங்குப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்றது. நம் தாலி கட்டிய திருமணங்கள் அத்தனையும் அதில் அடங்கின. பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார். அதே ஆண்டின் 22-ஆம் சட்டம், ஒப்பந்தம் முடிந்து தங்கிய கூலிகள் மேல் விதித்த மூன்று பவுன் வரியை நீக்கியதோடு, ஒரே மனைவி உள்ள திருமணங்களைப் பதிவு செய்ய வழி திறந்தது. ஆனால் பதிவு தானாக நடக்காது. திருமண அதிகாரியாக நியமிக்கப்பட்ட குருக்கள் நடத்தி வைக்காத, பதிவு செய்யாத திருமணங்கள் பின்னாளிலும் ஏராளம்.

எனவே ஒரே தம்பதிக்கு 1939-இல் ஒரு பத்திரிகையும், பல ஆண்டு கழித்து ஒரு பதிவுச் சான்றும் கிடைப்பது வியப்பில்லை. இரண்டில் ஒன்று பிழை என்று அடித்துவிடாதீர்கள். சடங்குத் தேதி, பதிவுத் தேதி என்று இரண்டு புலம் வைக்கவும். பதிவு ஏன் அந்த ஆண்டில் நடந்தது என்பதற்குப் பக்கத்துத் தாள்களைப் பாருங்கள்: வீடு வாங்கியதோ, ஓய்வூதியமோ, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழு வாழிடச் சட்டத்தில் வீடு பறிபோய் இழப்பீடு கேட்டதோ இருக்கும்.

சொத்துப் பத்திரத்தில் மனைவி பெயருக்குப் பின் ‘கணவரின் உதவியோடு’ என்ற பொருளில் ஒரு தொடர் வந்தால், பத்திரம் எழுதிய நாளில் அந்தத் திருமணத்தைச் சட்டபூர்வமானதாகவே எழுதியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் மனைவியின் சொத்து விவகாரங்களில் கணவருக்கு அதிகாரம் இருந்தது. 1984-ஆம் ஆண்டின் 88-ஆம் சட்டம்தான் புதிய திருமணங்களில் அதை ஒழித்தது. ஆகவே மனைவி சம்பாதித்த பணத்தின் தாள்களில் கணவர் கையெழுத்து இருக்கும். கையெழுத்தைப் பார்த்து ‘கணவருடையது’ என்று ஒதுக்கினால், சந்தைக் கடையின் முழுக் கணக்கும் நகராட்சி ஊழியரின் பெயருக்குப் போய்விடும். இந்தப் பெட்டியில் வங்கிப் புத்தகத்தில் விழுந்த தொகைகளைச் சமையல் நோட்டின் பின்பக்கச் சீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டபோதுதான் பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தது. சமையல் நோட்டைப் பிரிக்காமல் ஒரே உருப்படியாக வைத்து, பட்டியலில் ‘சமையல்’, ‘சீட்டுக் கணக்கு’ இரண்டு இடத்திலும் காட்டினோம்.

கடிதங்களில் எழுதிய கை ஒருவருடையது, சொன்ன வாய் இன்னொருவருடையது. எழுதத் தெரியாத மனைவி பக்கத்து வீட்டாரிடம் சொல்லி எழுதுவித்திருப்பார். கையெழுத்து மாறி மாறி வருவதைப் பார்த்து அனுப்பியவர் வேறு என்று முடிவு கட்டக் கூடாது. சொன்னவர், எழுதியவர் என இரண்டு புலம். பெருவிரல் ரேகை இருந்தால் ‘கையொப்பம் இல்லை’ என்று எழுதாமல் ‘இன்னாரின் பெருவிரல் ரேகை’ என்று எழுதவும்.

வரிசைப்படுத்தலில் நாங்கள் பின்பற்றியது: இருவர் பெயரிலும் உள்ளவை முதலில் (திருமணம், வீடு, பிள்ளைகள், இடப்பெயர்வு), அடுத்து ஒருவருக்கொருவர் எழுதியவை, அதன் பின்னரே தனித்தனி. தலைப்பில் இருவர் பெயரும் சமமாக. யாருடையது என்று தெரியாததற்கு ‘இருவரும்’ என்பதே இயல்புநிலை, ‘கணவர்’ அல்ல.

பெயர்

ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குத் தனித்தனிக் குடியேற்ற எண் உண்டு. கப்பல் பதிவில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ தொடங்கி 1911 வரை இப்படி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். நேட்டால் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முதலி, நாயுடு, பிள்ளை, படையாச்சி எல்லாம் வீட்டுக்கு ஒரு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயராக நிலைத்தன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருப்பார்கள். மனைவியின் பெயர் கப்பல் பதிவில் ஒன்று, திருமணச் சான்றில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. எல்லாவற்றையும் ஆவணத்தில் உள்ளபடியே எழுதி, தமிழ் எழுத்தில் உள்ள வடிவத்தை முதன்மையாக வைத்து, மற்றவற்றை அதன் கீழ் இணைக்கவும். குடியேற்ற எண் ஏதாவது ஒரு தாளில் இருந்தால் அதைத் தனிப் புலத்தில் ஏற்றுவது அவசியம். பெயர் கைவிட்டாலும் எண் கைவிடாது. இறந்தவர்களின் சொத்துக் கோப்பு காப்பகத்தில் கிடைத்தால் அதிலுள்ள இறப்பு அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் பெயர் வரிசையாக இருக்கும், ஒத்துப் பார்க்கலாம்.

ஸ்கேன், உரிமை, ஒப்படைப்பு

தாளுக்கு 400 டிபிஐ, புகைப்படத்துக்கு 600, 35 மி.மீ. நெகட்டிவ்வுக்கு 3,000-க்கு மேல். வண்ணத்திலேயே எடுக்கவும், ஊதாப் பென்சிலும் மஞ்சளும் கருப்பு வெள்ளையில் காணாமல் போகும். ஏ4 ஒரு பக்கம் 400 டிபிஐ வண்ண டிஃப் கோப்பாகச் சுமார் 46 எம்பி. 1,400 தாள் இருபுறமும் என்றால் உச்சமாக 130 ஜிபி. வெற்றுப் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும், கூட்டல் கணக்கு அங்கேதான் இருக்கும். தாளூட்டும் ஸ்கேனரில் பழைய தாளை விடாதீர்கள். கணினிக்கு யுபிஎஸ் இல்லாமல் தொடங்கினால், மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்று, திறந்து பார்க்கும்வரை தெரியாது. கோப்புகளுக்கு மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒரு நகல் வேறு ஊரில்.

வாழ்கிறவர்களைப் பற்றிய தகவலுக்கு 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பார்வைப் படியில் பிள்ளைகளின் 13 இலக்க அடையாள எண்ணை மறைக்கவும். அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. மூலப் படியில் கைவைக்க வேண்டாம். கடிதத்தாள் பெற்றவருடைய சொத்து, வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. இந்தியாவிலிருந்து வந்த கடிதங்களை இணையத்தில் போடும் உரிமையைப் பெட்டி கொடுத்த குடும்பம் மட்டும் தந்துவிட முடியாது. தம்பதி ஒருவருக்கொருவர் எழுதியவற்றைத் திறப்பது பற்றிப் பிள்ளைகள் எல்லோரிடமும் எழுத்தில் வாங்கவும். மூத்தவர் சொன்னார் என்பது போதாது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையமும் டர்பன் 1860 பாரம்பரிய மையமும் இந்தியர் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புள்ளவை. எங்கே கொடுத்தாலும் நன்கொடைப் பத்திரத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: தொகுப்பின் தலைப்பில் இருவர் பெயர், கட்டுகளின் மூல வரிசை கலைக்கப்படாது, வேண்டாத தாளை அழிக்காமல் குடும்பத்துக்குத் திருப்புவது. அடுக்குப் படங்களும் கட்டு எண் பட்டியலும் தொகுப்போடு சேர்ந்தே போகட்டும்.

ஒப்படைத்த பிறகு தையல் மெஷின் டிராயரிலிருந்தும் பிஸ்கட் டின்னிலிருந்தும் இன்னும் கொஞ்சம் வரும், வராமல் இருந்ததில்லை. அவற்றைப் பழைய ஃபோல்டர்களில் பொருத்தமான இடம் பார்த்துச் செருகாமல் புது வரவு எண் கொடுத்து, யார், எங்கே, எப்போது எடுத்தார் என்று எழுதி, உறைய வைப்பதிலிருந்து ஆரம்பிக்கவும். டிரங்கில் இருந்த பதிவுச் சான்றோடு டின்னில் கிடைத்த ரசீது பொருந்தினால் பட்டியலில் இணைப்புக் கொடுத்தால் போதும். தாள் இருந்த இடத்துக்குரிய கட்டிலேயே இருக்கட்டும்.